அண்ணி கட்டாமல் விட்ட இரண்டு பற்கள்

என் அண்ணிக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. அதை உடைத்தவன் என் அண்ணன். வெளியே தெரியாமல் மூடி வைத்தவள் நான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமாகி பாகூர் பக்கம் வந்துவிட்ட நான், கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டு போகிற வழியில் அந்த வீடு, பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். அண்ணன் ரைஸ்மில்லில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். லீவு நாளென்றால் காலையிலேயே சாராயக்கடைக்குப் போய்விடுவான். மதியம் வந்தவன் மறுபடி எங்கேயோ கிளம்ப வண்டிச் சாவியைத் தேடினான். நிற்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தான். அண்ணி சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டிருந்தாள்.

"சாவி எங்கடி?"

"சாப்புட்டுப் படு. சாயங்காலம் தரேன்."

அவன் கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. குடித்துவிட்டு வைக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். வீசிவிட்டான். கனமான பித்தளைச் சொம்பு. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பல் வேரோடு வந்து தரையில் கிடந்தது. இன்னொன்று பாதியாக முறிந்திருந்தது, அதைப் பிறகு ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா, இன்னா சத்தம்?"

"கொழாயடியில பாசிங்க. அண்ணி வழுக்கி வுழுந்துட்டாங்க" என்றேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நாக்கு நுனியில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. அப்போது உயிரோடு இருந்த என் அம்மா உள்ளே உட்கார்ந்தபடியே, "ஆமாமா, நான்கூட சொன்னேன், தேச்சுக் கழுவுங்கடின்னு" என்று ஒத்து ஊதினாள். அண்ணி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையெல்லாம் ரத்தம்.

மறுநாள் காலையில் அண்ணன் ஒரு வேலை செய்தான். பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து குழாயடியில் கொட்டி, தென்னந்துடைப்பத்தால் தேய்தேயென்று தேய்த்தான். பாசியே இல்லாத இடம் அது. தேய்த்துவிட்டு, "இனிமே பாத்து நடங்க" என்று பொதுவாக எங்கள் எல்லோருக்கும் சொன்னான். நான் சொன்ன பொய்யை ஒரே இரவில் அவன் நம்பத் தொடங்கிவிட்டான் என்று எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் அதுதான் நடந்த கதை.

அண்ணிக்குக் கழற்றி மாட்டுகிற பல் செய்து கொடுத்தார்கள். அது சரியாக உட்காரவில்லை. பேசினால் ஆடும், சாப்பிட்டால் அடியில் பருக்கை மாட்டிக்கொண்டு குத்தும். ஒரு தடவை தன் பெண்ணின் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நழுவி மேசைமேல் விழுந்துவிட்டதாம். அதோடு அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டாள். உதட்டை மூடிக்கொண்டே பேசப் பழகினாள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட முழுசாக முடிந்திருக்கவில்லை.

பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். கொரோனா வந்து எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரிந்த காலத்தில், "எனுக்கு இது நல்லாத்தான் இருக்குது. எல்லாரும் இப்படியே இருந்துட்டா தேவல" என்று என்னிடம் சொன்னாள். விளையாட்டாகச் சொல்வதாக எடுத்துக்கொண்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெண்ணுக்குக் கல்யாணம் செய்து திருபுவனைக்கு அனுப்பினார்கள். போட்டோக்காரர், "அம்மா, கொஞ்சம் சிரிங்கம்மா, உங்க பொண்ணு கல்யாணம்தான" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஆல்பம் முழுக்க அண்ணி ரேஷன் கார்டுப் படம் மாதிரி நிற்கிறாள். அண்ணன்தான் பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணனுக்கு ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிவிட்டது. ஆறு மாதம் படுக்கை. லீவு போட்டு லீவு போட்டு அண்ணிதான் அள்ளிப் போட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் போன அன்று நான்தான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். அண்ணி ஒரு மூலையில் அசையாமல் இருந்தாள். அதுவும் எனக்குக் குறையாகப் பட்டது.

பத்து மாதம் கழித்து அண்ணி போன் செய்தாள். "சனிக்கெழம வர முடியுமாம்மா? பல்லு கட்டப் போறேன். கூட ஒரு ஆள் வேணும்னு சொல்றாங்க."

கழற்றுகிற பல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மதகடிப்பட்டு கூட்ரோட்டில் ஒரு செல்போன் கடை மாடியில் கிளினிக். படிக்கட்டில் ஏறும்போதுதான் அண்ணி விவரம் சொன்னாள். இம்பிளான்ட் என்று பெயராம். தாடை எலும்பில் துளை போட்டு, ஸ்க்ரூ இறக்கி, எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்ளும்வரை நாலைந்து மாதம் விட்டு, அப்புறம் அதன்மேல் பல்லை உட்கார வைப்பார்கள். ஆடாது, கழற்ற வேண்டாம், சொந்தப் பல் மாதிரியே இருக்கும்.

"எதுக்கு அண்ணி இவ்ளோ?" என்றேன்.

"லைன் லீடரா போட்டிருக்காங்க. முப்பது பொண்ணுங்களக் கூப்புட்டு வேல சொல்லணும். எனுக்கு 'ச' வர மாட்டேங்குது, காத்துதான் வருது. பின்னாடி நின்னு என்ன மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்கிறாளுங்க."

அவ்வளவுதான் காரணம். இதை அவள் என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியும். பின்னால் நடந்ததற்கு எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பீரோவில் மடித்து வைத்த துணி மாதிரி ஒழுங்கான குரல். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தாயிற்று. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, "பல்லு போயி ரொம்ப வருஷம் ஆனதால எலும்பு தேஞ்சிருக்கு. ஆனா ஸ்க்ரூ புடிக்கிற அளவுக்கு இருக்கு, பயப்படாதீங்க" என்றார். பிறகு பைலில் எழுதிக்கொண்டே கேட்டார்: "பல்லு எப்படிப் போச்சு?"

"கொழாயடியில வழுக்கி வுழுந்துட்டாங்க டாக்டர்" என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அதே வேகம்.

அண்ணி நாற்காலியில் சாய்ந்து படுத்திருந்தாள். கழுத்தில் நீலத்துணி கட்டியிருந்தார்கள். தலையை மட்டும் தூக்கி, "இல்லீங்க டாக்டர். எங்க வூட்டுக்காரரு சொம்பால அடிச்சாரு" என்றாள்.

டாக்டர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். உதவிக்கு நின்ற பெண்ணும் பார்த்தாள். டாக்டர் வேறொன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தமும், தண்ணீரை உறிஞ்சுகிற சத்தமும் மாறி மாறி வந்தன. அண்ணியின் சத்தம் ஒன்றுகூட இல்லை. வலிக்குமோ என்று நான் யோசிக்கவில்லை. செத்துப்போனவன் பேரை, முன்பின் தெரியாத ஒரு பெண் பைலில் எழுத வைத்துவிட்டாளே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அண்ணிக்கு உதடு வீங்கியிருந்தது. ஐஸ்கட்டிப் பையைக் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளைக்குக் கஞ்சிதான், சூடாக எதுவும் கூடாது, முன்பக்கத்தால் எதையும் கடிக்கக் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கவுன்ட்டரில் இன்னொரு போன் நம்பர் கேட்டபோது அண்ணி என் நம்பரைச் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தேன். அண்ணியின் ஊர் வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்த வாயோடு அவளால் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம், "செத்தவன் மானத்த வாங்கிட்டா" என்றேன்.

"அடிச்சானா இல்லியா?" என்று கேட்டார் அவர்.

"அடிச்சான். அதுக்கு?"

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அண்ணனின் முதல் தெவசம் அதற்கு ஒன்றரை மாதம் கழித்து வந்தது. சொந்தக்காரர்கள் ஒரு முப்பது பேர் வந்திருந்தார்கள். போட்டோவுக்கு மாலை போட்டு, அவனுக்குப் பிடித்த கறிக்குழம்பு, வஞ்சிரம் வறுவல், வடை எல்லாம் இலையில் படைத்தோம். பங்காளி ஒருத்தர் ஒரு குவார்ட்டர் பாட்டிலையும் கொண்டு வந்து மூடியைத் திறந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவனைக் கொன்றது அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணி வடைத் தட்டோடு பந்தியில் நடந்துகொண்டிருந்தாள். என் பக்கத்து இலையில் சித்தி. குனிந்து என் காதில், "வாயில இன்னாவோ பளபளன்னு தெரியுதே, இன்னாது?" என்று கேட்டாள். ஸ்க்ரூவின் மேல்மூடிதான் அது, ஈறில் இரண்டு பொட்டு மாதிரித் தெரியும்.

நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வேலைக்காகக் கட்டுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"பல்லு கட்றாங்க சித்தி. எங்கண்ணனுக்கு வருஷம் திரும்பறதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு. யாருக்குச் சிரிச்சுக் காட்டவோ!"

பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அடக்கி வைத்திருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தி, "அட நீ ஒருத்தி" என்று என் தொடையில் தட்டினாள்.

அண்ணி எனக்கு மூன்று இலை தள்ளி நின்றிருந்தாள். கையிலிருந்த வடையை அந்த இலையில் வைத்தாள். அடுத்த இலைக்கும் வைத்தாள். என் இலைக்கு வந்தபோதும் ஒன்று வைத்தாள். வரிசை முடிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். கடைசிப் பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பும்வரை அவள் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்க்கவுமில்லை.

ஒரு சொல் அந்தப் பக்கத்தில் எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியாதா? யாருக்கு என்று நான் கேட்டு விட்டுவிட்டேன், மற்றவர்கள் ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி பஸ் டிரைவர் என்றார்கள். அவர் தினமும் அண்ணியின் ஊரில் பஸ்ஸை நிறுத்துவார். நிறுத்த வேண்டியது அவர் வேலை. சித்தி வழியாக அது திருபுவனைக்கும் போனது. அண்ணியின் பெண்ணை மாமியார் ஜாடையாக ஏதோ கேட்டிருக்கிறாள். அவள் ஒருநாள் அம்மாவிடம் வந்து அழுதிருக்கிறாள். "வேணாம்மா. இத்தன வருஷம் இல்லாம இருந்தியே, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்" என்றாளாம். இது எனக்குப் பின்னால் அந்தப் பெண்ணே சொல்லித் தெரிந்தது.

நாலு மாதம் முடிந்ததும் கிளினிக்கிலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது.

"மேடம், உங்க அண்ணி போன எடுக்க மாட்டேங்கறாங்க. அளவெடுக்கணும், கூட்டிக்கினு வர்றீங்களா?"

"சொல்றேன்மா" என்றேன்.

சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் "சொல்றேன்." மூன்றாம் தடவை டாக்டரே பேசினார். "ஏதாவது வலி, வீக்கம் இருக்கா அவங்களுக்கு? ஸ்க்ரூவ அப்படியே வுட்டுட்டாங்களேன்னு கவலையா இருக்கு" என்றார். முன்பின் பழக்கமில்லாத அந்தப் பெண்ணுக்கு இருந்த கவலை எனக்கு இல்லாமல் போயிற்றே என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

அண்ணி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "வாமா" என்றாள். எப்போதும் சொல்கிற மாதிரியேதான் சொன்னாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணி, கிளினிக்ல கூப்புட்டாங்க. ஸ்க்ரூ நல்லா புடிச்சிருக்குமாம். போயி அளவு குடுத்துட்டா ரெண்டு வாரத்துல பல்லு வச்சிருவாங்க. நான் கூட வர்றேன்."

"வேணாம்மா."

"நான் அன்னிக்குப் பேசுனது தப்பு அண்ணி. புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

அவள் பிழிந்த பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். "நீ ஒண்ணும் புதுசா பேசல. எல்லாரும் நெனச்சத நீ சொன்ன. நீ சொல்லலன்னா வேற யாராவது சொல்லிருப்பாங்க."

"லைன் லீடர் வேல..."

"அத வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். பழையபடி டப்பாவுல லேபிள் ஒட்டிக்கினு இருக்கேன். பேச வேண்டியதில்ல."

"வலிக்குதா அண்ணி?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்ல. நாக்கால தொட்டா ரெண்டு பட்டன் மாதிரி இருக்குது. மொதல்ல தொடும்போதெல்லாம் சந்தோஷமா இருந்துச்சு, இதோ வந்துரும், இதோ வந்துரும்னு. இப்ப நாக்க அந்தப் பக்கம் கொண்டு போறதில்ல."

அவள் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவள் அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள்.

திரும்பும்போது வீட்டுக்குப் பஸ் ஏறாமல், எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து மதகடிப்பட்டு போய் கிளினிக் மாடி ஏறினேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. டாக்டரிடம், அவர்கள் வர மாட்டேன் என்கிறார்கள், ஸ்க்ரூவால் ஏதாவது கெடுதல் வருமா என்று கேட்டேன். சுத்தமாகத் தேய்த்து வந்தால் பெரிதாக ஒன்றும் வராது என்றார். எலும்பு ஒருதடவை பிடித்துவிட்டால் லேசில் விடாது, ஒரு வருஷம் கழித்து வந்தாலும் வைக்கலாம், நடுவில் செக்கப்புக்காவது அனுப்பி வையுங்கள் என்றார்.

பிறகு, "ஏன் வர மாட்டேங்கறாங்க?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணு பேசிட்டேன் டாக்டர்" என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காதுகுத்தில் எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தேன். சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு, மண்டபத்தில் வைத்து. அண்ணி வரவில்லை. தெவசத்துக்குப் பிறகு அவள் எங்கள் பக்கத்து விசேஷம் எதற்கும் வருவதில்லை. சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சித்தி, "இன்னா, உங்க அண்ணி பல்லு வச்சிக்கினாளா இல்லியா?" என்று ஆரம்பித்தாள்.

நான் அங்கேயே சொன்னேன். "அவங்க பல்லு வழுக்கி வுழுந்து போவல சித்தி. எங்கண்ணன் சொம்பால அடிச்சான். நான் பக்கத்துலதான் நின்னேன். வழுக்கி வுழுந்தாங்கன்னு ஊருக்குச் சொன்னது நான்தான். அவங்க வேலைக்காகத்தான் பல்லு கட்டப் போனாங்க. டிரைவர் கதையெல்லாம் சுத்தப் பொய்."

யாராவது ஒருத்தர், "அடப்பாவமே" என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

சித்தி வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "அது எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும்டி" என்றாள். "செத்துப் போனவனப் பத்தி இப்ப இன்னாத்துக்கு? நல்ல நாள் அதுவுமா."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பாசி இல்லாத குழாயடியை ஊரே பார்த்துத்தான் இருக்கிறது. என் பொய்யை யாரும் நம்பவேயில்லை, தங்களுக்கு அது தோதாக இருந்ததால் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பெரிய பாரத்தை இறக்கி வைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசினேன். அதைக் குனிந்து பார்க்கக்கூட ஒருத்தரும் இல்லை. பேச்சு மறுபடி சீர்வரிசைக்குப் போய்விட்டது.

அதை அண்ணியிடம் போய்ச் சொன்னேன். மண்டபத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அவள் முகத்தில் ஏதாவது மாறும் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு, பக்கத்து வூட்டம்மா வந்து கேட்டப்ப சொல்லிருக்கணும்" என்றாள். "அப்ப சொல்லிருந்தா அவுரு பயந்திருப்பாரு. அப்புறமும் எத்தினியோ தடவ கை நீட்டினாரு. பல்லுதான் வெளிய தெரிஞ்சிச்சு."

எனக்குத் தெரியாத செய்தி அது. தெரியாது என்று சொல்வதா, கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்று சொல்வதா?

இப்போது நான் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நல்லவாடு கடற்கரையில் மீன் வாங்கிக்கொண்டு போவேன். சங்கரா கிடைத்தால் சங்கரா, இல்லையென்றால் கிடைப்பது. அண்ணி ஆய்ந்து குழம்பு வைப்பாள். இருவரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் மீனை விரலால் பிய்த்து, ஓரமாக வாயில் வைத்து, கடைவாயில் மென்று தின்பாள். பெண் வீட்டைப் பற்றி, கம்பெனி ஷிப்ட் மாறியதைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள். அண்ணன் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

கிளினிக்கிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. ஒரு வருஷமும் தாண்டிவிட்டது. போன மாதம் ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அண்ணி, செக்கப்புக்காவது ஒரு நட போயிட்டு வந்துருவோமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீ வர்ற, மீன் வாங்கிக்கினு வர்ற. ஒக்காந்து சாப்புடுறோம். அது போதும். பல்லுப் பேச்ச எடுக்கறதா இருந்தா நீ வராத."

சரி என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. போய்க்கொண்டிருக்கிறேன்.